சோலைமலை அண்ணனும் தரையைத் தொட்ட வாலும்

செய்தி வந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை. கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, பாவை விரியட்டும் என்று எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கைப்பேசி இரண்டு மூன்று முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் பஞ்சு பஞ்சாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, இன்னும் மருந்து விடாத ஒரு பெண்ணிடம் நீட்டி, "என்னம்மா போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றேன். அவள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சோலைமலைன்னு ஒருத்தர் தவறிட்டாராம்க்கா. செல்லூர்னு போட்டிருக்கு. உங்களுக்கு வேண்டியவுகளா?"

வேண்டியவர்தான் என்றேன். மருந்து விட்ட கண்ணில் ஏற்கனவே நீர் வழிந்துகொண்டிருந்ததால் நான் அழுதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. நர்ஸ் வந்து, "கண்ணை மூடியே வைங்கம்மா" என்றாள். மூடியே வைத்திருந்தேன்.

சோலைமலை அண்ணனை மதுரையில் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் குறைவு. அவர் கைவேலையைப் பார்க்காதவர்கள் அதைவிடக் குறைவு. பொருட்காட்சிகளில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் டைனோசர்கள், பூங்காக்களில் குழந்தைகள் ஏறிச் சறுக்கும் நீள்கழுத்து டைனோசர்கள், நெடுஞ்சாலை உணவகத்து வாசலில் வாயைப் பிளந்து நிற்கிறதே ஒன்று, எல்லாம் செல்லூர்ச் சந்தில் இருந்த அவருடைய பட்டறையிலிருந்து லாரி ஏறிப் போனவை. அவற்றில் முதலாவது, பசுமலையில் நான் விலங்கியல் ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளியின் முன்முற்றத்தில் இன்றும் நிற்கிறது. இந்தப் பள்ளி ஆண்டு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று ஒரு முறையாவது படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தச் சிலையின் வால் அண்மைக்காலம்வரை தரையில் கிடந்தது. அது தவறு. டைனோசர் வாலைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு நடக்கவில்லை என்பது இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருடமாக அந்தத் தவறு சோலைமலை அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் இறந்தபின் பள்ளி நிர்வாகம் நல்ல எண்ணத்தோடு ஒரு முடிவு எடுத்தது: அவர் மகள் செல்வியைக் கொண்டே வாலைத் திருத்துவது, அதைச் சொல்லி ஒரு கல்வெட்டு வைப்பது. கல்வெட்டு வாசகத்தை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கல்லில் ஏறிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதனால் அவர் இருந்தபோது நான் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன், மற்றதெல்லாம் அதற்குத் துணை.

இருபது வருடத்துக்கும் மேலாகிறது. அறிவியல் விழாவுக்கு முற்றத்தில் ஒரு டைனோசர் நிற்க வேண்டும் என்று பள்ளியில் முடிவாயிற்று. அதுவரை சோலைமலை அண்ணன் ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்துகொண்டிருந்தவர். இடையிடையே கடை வாசலுக்கு யானை, பல் மருத்துவர் வாசலுக்கு ஆளுயரப் பல் என்று செய்து கொடுத்திருந்தார். ஒரு நாள் ஆசிரியர் அறை வாசலில், கரிப்பிடித்த சட்டையோடு, கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். "டீச்சர், கொஞ்சம் சந்தேகம் கேக்கணும். உங்களுக்கு நேரம் இருக்குமா?" என்றார். பத்து நிமிடம் இருக்கிறது என்றேன். நோட்டைத் திறந்தார். இரண்டு பீரியடு போயிற்று.

"இது குட்டி போடுமா, முட்டை போடுமா? தோலு எருமை மாதிரியா, ஓணான் மாதிரியா? காது எங்க இருக்கு? மடல் உண்டா, வெறும் ஓட்டைதானா? நின்னுக்கிட்டே தூங்குமா? நாக்கை நீட்டுமா? கையில எத்தனை வெரலு? கழுத்துல சுருக்கம் விழுகுமா?"

நான் அதிர்ந்துபோனேன். பத்து வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். முட்டை என்பேன், ஊர்வன என்பேன், ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்பே அழிந்துபோயின என்பேன், கேள்விக்கு மதிப்பெண் எவ்வளவு என்று சொல்லி முடித்துவிடுவேன். வகுப்பில் காதைப் பற்றி வாயே திறக்காமல் ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். சிலை செய்கிறவருக்கு அது முடியாது. காது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று தெரியாமல் அவரால் தலையை முடிக்க முடியாது. பாதிக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வராது. கல்லூரியில் நான் வரைந்து வைத்திருந்த படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். டைரனோசரஸ். கங்காரு போல நிமிர்ந்து நின்று, கனமான வாலைப் பின்னால் தரையில் ஊன்றியிருக்கும். அதற்குப் பேராசிரியரிடம் நல்ல பெயர் வாங்கியவள் நான்.

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "டீச்சர், இதோட காலடித் தடம் கல்லுல கிடைச்சிருக்குன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாம், பல இடத்துல கிடைச்சிருக்கு."

"அப்ப இம்புட்டு பெரிய வாலு தரையில இழுபட்டுச்சுன்னா, ரெண்டு தடத்துக்கும் நடுவுல கோடு விழுந்திருக்கணுமே. அந்தக் கோடும் கிடைச்சிருக்கா?"

இதைவிட நல்ல கேள்வியை என் முப்பது வருட வேலையில் ஒரு மாணவியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. உலகத்தில் அதே கேள்வியைக் கேட்டவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். வால் கோடு அநேகமாக எங்கும் இல்லை என்பதைப் பார்த்து, வால் மேலே நீண்டுதான் இருந்திருக்க வேண்டும் என்று அப்போதே முடிவுக்கு வந்துவிட்டார்கள். அது எனக்கு வந்து சேரவில்லை. நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, நான் படிச்சு வரைஞ்சது இது. நான் வரைஞ்சு குடுத்ததை மட்டும் நீங்க செய்யுங்க."

"சரிங்க டீச்சர்" என்று நோட்டை மூடிக்கொண்டு போனார்.

செய்து முடித்தார். உள்ளே இரும்புக் கூடு, மேலே ஃபைபர். கண்ணை மட்டும் கடைசி நாள் காலையில், குளித்து, திருநீறு பூசி வந்து வரைந்தார். கண் திறப்பு முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி நாலு பக்கமும் போட்டார். எங்கள் இயற்பியல் ஆசிரியைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏண்ணே, டைனோசருக்குமா?" என்றதற்கு, "கண்ணுன்னு ஒண்ணு வச்சுட்டா அது பாக்கத்தானே செய்யும், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் மணி அடித்தும் அந்த முற்றத்தை விட்டு ஒருத்தியும் வகுப்புக்கு வந்ததில்லை.

மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஆண்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் சிறப்பு விருந்தினராக வந்தார். முற்றத்தில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார். "யாருங்க இந்த வாலைக் கீழே போட்டது? இது ரொம்பப் பழைய கதையாச்சே. வால் பின்னால நேரா நீட்டி நிக்கணும். உடம்பு தராசு மாதிரி சமமா இருக்கும்" என்றார். சுற்றிலும் தலைமையாசிரியை, நிர்வாகிகள், பெற்றோர்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். விலங்கியலுக்கு நான்தானே பொறுப்பு.

நான் சொன்னேன்: "செஞ்சவருக்கு அவ்வளவுதான் சார் தெரியும்."

சோலைமலை அண்ணன் அங்கேதான் இருந்தார். விழாவுக்காகக் கால்நகங்களுக்கு வண்ணம் பூச வந்தவர், சிலைக்கு அந்தப் பக்கம் தூரிகையோடு குந்தி உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கவில்லை. எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பேராசிரியரைப் பார்த்து, "ஆமாங்க சார். ரெண்டு காலுல நிக்காதுன்னு பயந்து நாந்தான் வாலைத் தரையில ஊனிட்டேன். டீச்சர் சரியாத்தான் சொன்னாக" என்றார்.

பேராசிரியர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். கூட்டம் உள்ளே போயிற்று. நானும் கூடவே போனேன். மேடையில் பூச்செண்டு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தபோது நகங்களுக்கு வண்ணம் பூசி முடித்துவிட்டு அவர் போயிருந்தார்.

அத்தோடு என் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டு வாரம் கழித்து அதே நோட்டோடு வந்து நின்றார். ஒரு பொருட்காட்சிக்கு மூன்று டைனோசர் கேட்டிருக்கிறார்கள், சந்தேகம் கேட்க வேண்டும் என்றார். இந்த முறை ஒரு கேள்வி கூடுதலாக இருந்தது. நான் எதைச் சொன்னாலும், எழுதுவதற்கு முன் பென்சிலை நிறுத்தி, "இது தெரிஞ்சதா டீச்சர், இல்ல நினைக்கிறதா?" என்று கேட்பார். குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. நான் மாநகர நூலகத்துக்கு நடையாய் நடந்தேன். பிறகு இணையம் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் நான் படித்த அளவு கல்லூரியில் படித்ததில்லை, இந்த மனிதர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாரே என்ற பயத்தில்தான் அவ்வளவும்.

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு சிலையின் வயிற்றுக்கடியிலும், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி, மஞ்சள் வண்ணத்தில் ஒரு பட்டியல் எழுதுவார். பல் – தெரிஞ்சது. கைவிரல் ரெண்டு – தெரிஞ்சது. காது ஓட்டை – நினைக்கிறது. நிறம் – நினைக்கிறது. கண் – நினைக்கிறது. யார் சொன்னது என்று எழுத மாட்டார். "என் பேரையும் போட வேண்டியதுதானே அண்ணே" என்று ஒரு நாள் வேடிக்கையாகக் கேட்டேன். "அது எதுக்கு டீச்சர். நாளைக்கு மாறுச்சுன்னா அந்த வரியை மட்டும் அழிச்சுக்கிறலாம்" என்றார்.

நிறத்தைப் பற்றிக் கேட்காத ஆளே கிடையாது. என்ன நிறம் என்று பெரும்பாலானவற்றுக்கு யாருக்கும் தெரியாது. சில சின்ன டைனோசர்களின் இறகுத் தடத்திலிருந்து மட்டும் ஓரளவு கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் பட்டறைக்குப் பக்கத்துத் தறிக்காரர் விடமாட்டார். "தெரியாதுல்ல? அப்ப மாம்பழ மஞ்சளுக்கு அரக்குப் பார்டர் வச்சு விடு மாப்ள. கல்யாணத்துக்கே நிறுத்தலாம்" என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே வழக்கம்போல மண் நிறத்தைத்தான் குழைப்பார். ஒளிந்து பிழைக்கிற உயிருக்கு மண் நிறம் பாதுகாப்பு, அது அவருடைய வாதம். அவ்வளவு பெரியது யாரிடமிருந்து ஒளிய வேண்டும் என்று நான் கேட்பேன். "இரைக்குத் தெரியாம இருக்கணும்ல" என்பார். அதற்கும் வயிற்றில் 'நினைக்கிறது' என்றே எழுதினார்.

பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை என்று நான் அவரிடம் சொன்ன நாள் நன்றாக நினைவிருக்கிறது. பட்டறையில் அவருக்கு ஒரு சேவல் உண்டு. நோட்டை வைத்துவிட்டு எழுந்து போய் அதைப் பிடித்துவந்து, காலை விரித்து, செதிலை விரலால் தடவிப் பார்த்தார். அது கழுத்தைத் திருப்பி அவரை ஒற்றைக் கண்ணால் முறைத்தது. "அம்புட்டு பெரிய சொந்தக்காரனை வச்சுக்கிட்டா ராசா நீ குப்பையைக் கிளறிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். அப்புறம் என்னிடம் திரும்பி, சந்தேகத்தோடு, "அப்ப ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல கொழம்புல கெடக்குறது?" என்றார். ஒரு வகையில் அதுவும்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் செய்த எல்லா டைனோசரின் காலும் அந்தச் சேவலின் காலைப் பார்த்துச் செய்தது. குழம்பை விடவில்லை.

இன்னொரு முறை பொருட்காட்சிக்காரர், சிலைக்குள் ஒலிபெருக்கி வைத்து சிங்க கர்ஜனை போட வேண்டும் என்றார். "கர்ஜிச்சுச்சா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு அண்ணன் வந்தார். தெரியாது என்றேன். அந்த வார்த்தை அதற்குள் எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. முதலையையும் நெருப்புக்கோழியையும் வைத்துப் பார்த்தால், வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ஆழமாக முழங்கியிருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள் என்றேன். அவர் போய், ஒரு ஆண் புறா தொண்டையை உப்பிக்கொண்டு குமுறுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, தெரிந்த பையனிடம் கொடுத்து மெதுவாக ஓட வைத்து, சிலையின் நெஞ்சுக்குள் பொருத்தினார். பொருட்காட்சியில் நானும் போய்ப் பார்த்தேன். யாரும் அலறவில்லை. ஜனங்கள் கிட்டே வந்து நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையின் காதை அதில் ஒட்டிவைத்துக் கேட்க விட்டாள். மூன்றாம் நாள் பொருட்காட்சிக்காரர் சிங்கத்தை மாட்டிவிட்டார். "அவர் தொழிலு அவருக்கு" என்றார் அண்ணன்.

இத்தனை வருடத்தில் நான் மன்னிப்புக் கேட்க முயலவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அவர் புரிந்துகொண்டு கேள்வியைப் போட்டார். கடைசி முறை பட்டறையில் அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "அண்ணே, அன்னைக்கு ஆண்டு விழாவுல..." என்று ஆரம்பித்தேன். "அது கெடக்கு டீச்சர். இதுக்கு இமை உண்டா, சொல்லுங்க. மேல இமையா, கீழ இமையா?" என்றார். நான் உடனே பறவைக்கும் முதலைக்கும் உள்ள மூன்றாவது இமையைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். டீ ஆறிப்போயிற்று. பேச்சை மாற்றியது அவர் பெருந்தன்மை. மாற்றியதும் நான் ஓடிப்போனது என் கோழைத்தனம். பதில் சொல்கிற ருசி எனக்கு அப்படி.

துக்கத்துக்குப் போனபோது செல்லூரில் ஆட்டோ சந்துக்குள் நுழையவில்லை. இறங்கி நடந்தேன். பட்டறையில் இடம் போதாமல், பாதி முடிந்த நீள்கழுத்து டைனோசரின் இரும்புக் கூட்டைச் சந்திலேயே நிறுத்தியிருந்தார். ஓர் ஆர்டர், முடிக்கவில்லை. அதன் வயிற்றுக்குக் கீழே நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் டீ குடித்தவர் சாய்ந்து உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். எடுக்கும் நேரத்தில் பாடையைத் தூக்கியவர்கள் அந்தக் கழுத்துக்கடியில் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. முன்னால் போன தறிக்காரர், "குனிங்கப்பா, குனிங்க, இடிச்சுறாம" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் பள்ளியில் கல்வெட்டுப் பேச்சு வந்தது. இப்போதைய தலைமையாசிரியை என்னிடம் படித்தவள். 'செல்லூர் சிற்பி அமரர் சோலைமலை அமைத்த இச்சிலை, அவர் மகள் செல்வியால் அறிவியல்படி திருத்தப்பட்டது' என்று ஒரு மாதிரி வாசகம் தயாராக வைத்திருந்தாள், நான் மெருகேற்ற வேண்டியதுதான் பாக்கி. படித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறிற்று. பேனாவை மூடி வைத்துவிட்டு, "டீச்சர், அவரும் போயிட்டாரு. இப்ப இதைச் சொல்லி உங்க பேரை நீங்களே ஏன் கெடுத்துக்கணும்? யாரும் கேக்கப்போறதில்லையே" என்றாள்.

என் மேல் உள்ள பிரியத்தில்தான் அப்படிச் சொன்னாள். ஒரு நிமிடம் அது எனக்கு இனிக்கவும் செய்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முற்றத்தில் செல்வி சிலையை அளந்துகொண்டிருந்தாள். இப்போது பட்டறை அவள் கையில். வாலை எடுத்துவிட்டால் சிலை பின்னால் சாயும். அதனால் காலுக்குள் புது இரும்பு கொடுத்து, இடுப்பில் வெட்டி உடம்பை முன்னால் சாய்த்து, புது வாலை நேராக நீட்ட வேண்டும் என்று விளக்கினாள். முட்டுக் கொடுக்கும் ஜாக்கிகள் வந்து இறங்கியிருந்தன. ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படம் நான் கொடுத்தது. கோடு கிடைத்திருக்கிறதா என்று உங்கள் அப்பா கேட்டார். நான் வாயை அடைத்தேன். பிறகு ஊர் முன்னால் அவர்மேல் பழியைப் போட்டேன். அவர் வாங்கிக்கொண்டார்.

செல்வி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்த பிறகும் கையிலேயே வைத்திருந்தாள்.

"நான் காலேஜ் போயிக்கிட்டிருந்தப்ப," என்றாள், "என் கூடப் படிச்ச பிள்ளைக இந்தச் சிலையைக் காட்டிக் கேலி பண்ணுச்சுக. வீட்டுக்கு வந்து கத்துனேன் டீச்சர். தெரியாத வேலையை ஏம்ப்பா தொடுறீங்க, எனக்கு மானம் போகுதுன்னேன். வெல்டிங் பண்ணிக்கிட்டிருந்தாரு. கண்ணாடியைக் கழட்டாமயே நின்னாரு. ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டு மாசம் நான் அவர்கிட்டப் பேசவே இல்லை."

இது எனக்குத் தெரியாது. இருபது வருடமாக, என் ஒரு வாக்கியம் அவரை அந்த முற்றத்தில் மட்டும்தான் தொட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் வீட்டுக்குள் போய் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"அவர்கிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்ல வந்தேன். சொல்லலை."

"அவருக்குச் சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியும். என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? அவர் இருக்கும்போது?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் வெட்டும் இயந்திரத்தை எடுத்தாள். அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. நான் எழுந்து போகவும் இல்லை. சாயங்காலம் புறப்படும்போது, "வாரேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

கல்வெட்டு இப்படி இருக்கும். தலைமையாசிரியை இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டாள். 'இச்சிலையைச் செய்தவர் செல்லூர் சோலைமலை. முதலில் இதன் வால் தரையில் இருந்தது. அப்படி வரைந்து கொடுத்தவர் அன்றைய விலங்கியல் ஆசிரியை கனகவல்லி. வால் தரையைத் தொட்டிருக்குமா என்று அன்றே கேட்டவர் சோலைமலை. திருத்தியவர் அவர் மகள் செல்வி.' நீளம் அதிகம், அழகும் இல்லை. ஒரு சொல்லையும் குறைக்க வேண்டாம் என்று கல் அடிக்கிறவரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறைந்தவரிடமிருந்து எதை வைத்திருக்கிறோம் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கட்டுரையை முடிப்பார்கள். அவர் கேள்விகள் எழுதிய நோட்டுகள் செல்வியிடம் இருக்கின்றன, அங்கேதான் இருக்க வேண்டும். பள்ளியிடம் சிலை இருக்கிறது. வெட்டியெடுத்த வாலைப் பழைய இரும்புக்குப் போட ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அதை நான் கேட்டேன். செல்வி ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாள்.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாக அது இப்போது கிடக்கிறது. சின்ன வேனில் கொண்டுவந்த தம்பி, இறக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "டைனோசர் வாலாக்கா? நெசமாவே இப்படித்தான் தரையில போட்டு இழுத்துக்கிட்டுத் திரிஞ்சுச்சா?" என்று கேட்டான்.

"இல்லை தம்பி. அது நான் தப்பாச் சொன்னது" என்றேன்.